தறியை நிறுத்தும் நாள்

எங்கள் ஊர் மகளிர் குழுவில் புதிதாகத் தொழில் தொடங்கப்போகிற பெண்களிடம் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "அவுங்களுக்குத் தைரியம் வர்ற மாதிரி நாலு வார்த்த சொல்லுங்கக்கா" என்றாள் குழுத் தலைவி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தைரியத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். பல்லி விழுந்தாலே பஞ்சாங்கத்தைத் தேடுகிற ஆள் நான்.

போய் உட்கார்ந்தேன். ஒருத்தி மசாலாப் பொடி அரைத்து விற்கப் போகிறாளாம், இன்னொருத்தி நைட்டி தைக்கப் போகிறாளாம், மூன்றாவது பெண் ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பாக்குமட்டைத் தட்டு மிஷின் வாங்குவதைப் பற்றிப் பேசினாள். எல்லோரும் நல்ல நாள் குறித்து வைத்திருந்தார்கள். கடைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மசாலாக்காரி பொட்டலத்தில் போட வேண்டிய படத்தைக்கூடப் போனில் காட்டினாள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எல்லாம் சரி, எப்ப நிறுத்துவீங்க?"

குழுத் தலைவியின் முகம் சுண்டிப்போனது. கல்யாண வீட்டில் வந்து ஒப்பாரி வைத்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அடுத்த முறை என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பது உறுதி. ஆனாலும் எனக்குத் தெரிந்த ஒரே பாடம் அதுதான். அதையும் நான் விரும்பிப் படிக்கவில்லை, பயந்து பயந்துதான் படித்தேன்.

குமாரபாளையத்தில் எங்களுக்கு ஒரு தறிப்பட்டறை. முன்பக்கம் எட்டு விசைத்தறி, பின்பக்கம் எங்கள் குடித்தனம், நடுவில் ஒரே சுவர். தறி ஓடும்போது சமையலறைத் தட்டுகள் தாமாகவே தாளம் போடும். இப்படிப்பட்ட வீட்டில் நாங்கள் சாதாரணமாகவே கத்தித்தான் பேசுவோம். வெளியூர்க்காரர்கள் யாராவது வந்தால், புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை என்று நினைத்துக்கொள்வார்கள்.

ரொம்ப காலம் ஈரோட்டு வியாபாரி ஒருவருக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தோம். அவர் நூல் கொடுப்பார், நாங்கள் துணி நெய்து கொடுப்போம், கூலியை வாங்கிக்கொள்வோம். அதில் பெரிய லாபமும் இல்லை, பெரிய பயமும் இல்லை. அப்புறம் எங்களுக்கும் ஆசை வந்தது. நாமே நூல் வாங்கி, நாமே துண்டு நெய்து, நாமே விற்றால் என்ன? என் வீட்டுக்காரர் எங்கெங்கோ அலைந்து வடக்கே ஒரு வியாபாரியைப் பிடித்தார். நெய்வதை எல்லாம் அந்த ஒருவரே எடுத்துக்கொண்டார். அதில் எங்களுக்கு அப்படி ஒரு பெருமை. உறவுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனோம். "ஒரே பார்ட்டிங்க, மொத்தமா எடுத்துக்கறாரு." மொத்தமாக எடுக்கிறவர் ஒருநாள் மொத்தமாக விட்டுவிடுவார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களுக்குப் பொறாமை என்றுதான் நினைத்திருப்போம்.

நூலைக் கடனுக்கு வாங்கினோம். நூல் கடைக்காரர் ஊரில் பெரிய மனிதர், நல்ல மரியாதை தெரிந்தவர். கடனுக்கு ஈடாக எங்கள் இடத்துப் பத்திரத்தை அவரிடம் கொடுத்தோம். பட்டறையும் வீடும் ஒரே பத்திரம். அது போனால் தொழில் மட்டும் போகாது, படுக்கிற இடமும் போய்விடும். அதற்குப் பிறகு, என் அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் நின்ற மாதிரி, நாங்களும் இன்னொருத்தர் பட்டறையில் கூலிக்குத் தறி ஓட்ட வேண்டியதுதான். பஞ்சைச் சுவாசித்துச் சுவாசித்து அப்பா இருமிய இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது. பத்திரத்தை நீட்டும்போது நல்ல காரியத்தில் அழக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. மகள் திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தாள், தினமும் பஸ்ஸில் போய் வந்தாள். பிறகு ஒருநாள் மத்தியானம் வடக்கத்தி வியாபாரி போன் செய்தார். கோபமில்லை, சண்டையில்லை. கடையில் சரக்கு அப்படியே கிடக்கிறது, இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், தேவைப்படும்போது சொல்கிறேன் என்றார். அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். கை கழுவினார். எழுந்து பட்டறைக்குப் போனார். தறியை நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நின்றிருந்த ஒரு தறிக்கு இழை போட்டு அதையும் ஓடவிட்டார்.

இது பைத்தியக்காரத்தனம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றும். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோன்றாது. எங்கள் தெருவில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்வோம். காலையில் பால் வாங்கப் போகிறவள்கூட எந்தப் பட்டறை ஓடுகிறது, எது நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே போவாள். ஒரு பட்டறை நின்றுவிட்டால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த நாள் நூல் கிடைக்காது. அதற்கடுத்த நாள் கடன்காரர்கள் நலம் விசாரிக்க வருவார்கள். தறி ஓட்டுகிறவர்கள் அன்று சாயங்காலமே வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். நாம் கொடுத்த முன்பணத்தைப் புது முதலாளி கட்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு போவார். பிறகு ஆர்டர் வந்தாலும் ஓட்ட ஆள் இருக்காது. அதனால் தறி நிற்கக் கூடாது. எதை நெய்கிறோம், யாருக்கு நெய்கிறோம் என்பதெல்லாம் அப்புறம்.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அந்த நாட்களில் அந்த ஒரு நாள்தான் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அன்றைக்கு எல்லோருடைய தறியும் நிற்கும். யாருடையது ஆர்டர் இல்லாமல் நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

துண்டுகள் சேர்ந்தன. முதலில் பட்டறை மூலையில் அடுக்கினோம். பிறகு கூடத்தில், பிறகு பீரோ மேல், கட்டில் அடியில். பிறகு நாங்கள் படுக்கும் அறையில் சுவரோரமாக ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். புதுத் துணியின் கஞ்சி வாசனை சோற்றில்கூட அடித்தது. வாசலில் யாராவது கூப்பிட்டால் ஓடிப்போய்க் கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, வந்தவர்களை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்புவேன். சொந்த நாத்தனாரைக் கூட உள்ளே விடவில்லை. "ஊட்டுல பெயிண்டு அடிக்குது" என்று சொன்னேன். எந்தப் பெயிண்டு மாதக்கணக்கில் அடிப்பார்கள்? அவளும் கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் மகளின் சிநேகிதி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாள். கூடத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நீங்க துண்டுக்கடை வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். நல்ல பெண்தான், வெகுளியாகத்தான் கேட்டாள். நான் அவளுக்குக் காபி போடப் போய் அடுப்படியில் நின்று அழுதேன். தறிச் சத்தத்தில் அழுகை யாருக்கும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அது ஒரு வசதி.

இன்னொரு விஷயத்துக்கும் அந்தச் சத்தம் வசதியாக இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பேச வாயெடுப்பேன், அவர் காதைக் காட்டித் தலையை ஆட்டுவார், கேட்கவில்லை என்று. சரி, அப்புறம் பேசலாம் என்று விட்டுவிடுவேன். அவரும் ஏதோ சொல்ல வருவார், நானும் அப்படியே செய்வேன். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வரும். ஒரு தறி கூடுதலாக மூச்சு விட்டாலும் எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், கழுத்தில் இறுகிக்கொண்டிருக்கிற சுருக்கு மட்டும் தெரியவில்லையா என்று நினைப்பேன். மனுஷன் இளைத்துத் துரும்பாகிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னால் அப்படியே உட்கார்ந்துவிடுவாரோ என்று வேறு பயம்.

இப்போது யோசித்தால், அந்த மாதங்களில் நாங்கள் தொழில் செய்யவே இல்லை, பயத்தை மறைக்கிற வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று தெரிகிறது. அதற்கும் கூலி, கரண்டு பில், நூல் எல்லாம் ஆனது. தொடங்குவதற்கு நாள் பார்த்த நாங்கள், இத்தனை நாள் சரக்கு போகாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்திருந்தால் போதும். பயம் வந்த பிறகு அந்தக் கணக்கைப் போட முடியாது. பயந்தவனுக்கு எந்த நாளும், இன்னும் ஒருநாள் பார்க்கலாம் என்றுதான் தோன்றும். மகளிர் குழுவில் இதைத்தான் சொல்ல நினைத்தேன். சொல்ல விட்டால்தானே.

ஒருநாள் காலையில் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு சொன்னார். "நூல் எடுத்துட்டு வாரேன் புள்ள. புள்ளையோட ரூமுல எடம் இருக்குதில்ல, அங்க வெச்சுக்கலாம்."

வீட்டில் நூல் மிச்சம் இருந்தாலும், வழக்கமாக எடுக்கிறதை எடுக்காவிட்டால் சந்தேகம் வந்துவிடுமே என்று அவருக்குப் பயம். மகளுக்குப் பரீட்சை நேரம். அந்த அறை ஒன்றில்தான் தரை தெரிந்துகொண்டிருந்தது. அதையும் நிரப்பிவிட்டால் அவள் எங்கே உட்கார்ந்து படிப்பாள்? எனக்கு என்ன வந்ததோ தெரியாது. "நீங்க இருங்க, நானே போயி சொல்லிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நூலுக்குச் சொல்லத்தான் போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கிளம்பிவிட்டேனே தவிர, கால் ஒத்துழைக்கவில்லை. நூல் கடை வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். எதிரில் வாழைப்பழ வண்டி நின்றது. பழம் வாங்குகிறவள்போல் ஒவ்வொரு சீப்பாகத் தூக்கிப் பார்த்தேன். வண்டிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாங்கறீங்களா, இல்ல கண்ணுல பாத்தே திங்கறீங்களா?" என்றார். வெட்கத்தில் ஒரு சீப்பை வாங்கிக்கொண்டு, அதையும் கையில் தூக்கிக்கொண்டு நூல் கடைக்குள் நுழைந்தேன். ஏதோ விசேஷத்துக்கு அழைக்க வந்தவள்போல் இருந்திருக்கும்.

"வா அம்மிணி. நூல் வேணுமா?" என்றார் கடைக்காரர்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. "நூல் வேண்டாங்க. போன மொற எடுத்த மூட்டையே பாதி பிரிக்கலீங்க. சரக்கு போக மாட்டேங்குது. தறி சும்மா ஓடுதுங்க" என்றேன். சொல்லி முடித்ததும் வாழைப்பழச் சீப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதோ பத்திரத்தை எடுத்து மேஜையில் போடப் போகிறார், என்றைக்குக் காலி செய்கிறீர்கள் என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும் அம்மிணி."

"எப்புடிங்க தெரியும்? தறி ஓடிட்டுத்தானுங்க இருக்குது?"

"தறி ஓடுது. உங்க சந்துக்குள்ள டெம்போ வந்து எத்தன நாளாச்சு? நூலு உள்ள போகுது, துணி வெளிய வரக் காணோம். அப்ப எங்க போகும்? உள்ளதான் இருக்கும்."

எத்தனை மாதமாக நாங்கள் எட்டுத் தறியை ஓட்டி ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தேனோ, அத்தனை மாதமாக ஊருக்குத் தெரிந்திருக்கிறது. பால் வாங்குகிறவளுக்குத் தெரியும். நாத்தனாருக்குத் தெரியும். அதனால்தான் பெயிண்டைப் பற்றி அவள் கேட்கவில்லை. நாங்கள் இருவர்தான் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

"தெரிஞ்சும் ஏனுங்க நூல் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"பத்திரம் எங்கிட்டத்தான இருக்குது" என்றார்.

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார். இந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும், ஆனால் வரவில்லை. அவர் அவருடைய வியாபாரத்தைப் பார்த்தார். எங்களுடையதை நாங்கள்தான் பார்க்கவில்லை.

பிரிக்காத மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "பிரிக்காததுன்னா எடுத்துக்கலாம். மீதிக்கு என்ன பண்ணுவே?" என்றார். பாதித் தறியை விற்றுக் கட்டுகிறேன் என்றேன். வீட்டுக்காரரைக் கேட்காமல் சொன்ன வார்த்தை அது. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீயா வந்து சொல்லுவேன்னு நான் நெனைக்கல சாமி. இன்னுங் கொஞ்ச நாளைக்கு ஓட்டுவீங்கன்னுதான் நெனச்சேன்" என்றார். குரலில் லேசாக ஒரு ஏமாற்றம் இருந்தமாதிரி பட்டது. என் பயத்தில் அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது சந்து முனையிலேயே எங்கள் தறிச் சத்தம் கேட்டது. அத்தனை வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் வீடு வந்துவிட்டது என்று ஒரு ஆறுதல் வரும். அன்றைக்கு, குழாயை மூடாமல் வெளியே போய்விட்டு வந்து, தண்ணீர் கொட்டிக்கொண்டிருப்பதைக் கேட்ட மாதிரி இருந்தது. வேகமாக நடந்தேன்.

வீட்டுக்காரர் கடைசித் தறியில் குனிந்திருந்தார். "நிறுத்துங்க" என்று கத்தினேன். காதைக் காட்டித் தலையை ஆட்டினார். இன்னொரு தரம் கத்தினேன். அதே தலையாட்டல். நேராகப் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். எட்டுத் தறியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறி நின்றன.

"ஏனுங்கக்கா, கரண்டு போயிருச்சா?" என்றாள் தறி ஓட்டிக்கொண்டிருந்தவள். எடப்பாடிப் பக்கத்துப் பெண், புருஷனும் அவளுமாக எங்களிடம் ஐந்தாறு வருடமாக வேலை பார்த்தவர்கள்.

"போகல. நாந்தான் நிறுத்துனேன்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, பெரிதாகக் கேட்டது. அவள் கையிலிருந்த நாடாக் கட்டையைத் தறிமேல் மெதுவாக வைத்தாள். அடுத்த வாரம் அவர்கள் இருவரும் வேறு பட்டறைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் நூல் மூட்டைமேல் உட்கார்ந்தார். விழுந்துவிடப் போகிறார் என்று பக்கத்தில் ஓடினேன். "சொல்லிட்டியா?" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அதற்குள்ளிருந்தே சொன்னார். "தறி நின்னா நீ பயந்துக்குவேன்னுதான் புள்ள ஓட்டுனேன்."

எனக்குச் சிரிப்பதா, அவரை நாலு சாத்துச் சாத்துவதா என்று தெரியவில்லை. அவருக்குப் பயந்து நான் பேசவில்லை, எனக்குப் பயந்து அவர் நிறுத்தவில்லை. ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, இருந்த வீட்டையே இழக்கப் பார்த்தோம். இரண்டு பேருமாக உட்கார்ந்து அந்த வாழைப்பழத்தைத் தின்றோம். காலையிலிருந்து இருவருமே ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

நான்கு தறியை விற்றோம். துண்டுகளை ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குக் கொண்டுபோய் நானே தரையில் விரித்து, வந்த விலைக்கு விற்றேன். அதில் சில்லறை வியாபாரிகள் பலர் பழக்கமானார்கள். இப்போது ஒருத்தர் விட்டாலும் இன்னொருத்தர் இருக்கிறார். ஆர்டர் கையில் இருந்தால் தறி ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். எப்போது நிறுத்துவது என்று ஒவ்வொரு தை மாதமும் இருவரும் பேசி முடிவு செய்துகொள்கிறோம். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் இப்போது அதைச் சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுப் பேசுகிறோம்.

கடன் முடிந்த அன்று பத்திரத்தை வாங்க இருவரும் நூல் கடைக்குப் போனோம். கடைக்காரர் சந்தோஷமாகத்தான் இருந்தார். காபி வரவழைத்தார். பத்திரத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பழைய வேடிக்கைக் கதை சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னார். "உங்களுக்குத் தெரியாதில்ல, உங்க பட்டறைக்குப் பக்கத்துல இருக்கற காலி மனைய வாங்கினது நாந்தான். ரெண்டையும் சேத்து ஒரு குடோன் கட்டிறலாம்னு பிளான் கூடப் போட்டாச்சு. அம்மிணி வந்து கெடுத்துருச்சு."

நாங்களும் சிரித்தோம். வேறென்ன செய்வது? காபியைக் குடித்து முடித்தோம். எங்கள் தொழிலுக்கு எங்களிடம் இருந்ததைவிட நல்ல திட்டம் அவரிடம் இருந்திருக்கிறது என்று வண்டியில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் உள்ளே போகாமல் பக்கத்து மனையில் போய் நின்றேன். முள்ளை வெட்டி, இடத்தைச் சமப்படுத்தி, எல்லைக்கு வரிசையாகக் கல் நட்டிருந்தார்கள். தெருப் பக்கம் கல் இருந்தது. பின்பக்கம் இருந்தது. அந்தண்டைப் பக்கமும் இருந்தது. எங்கள் சுவர்ப் பக்கம் மட்டும் ஒரு கல்லும் நடவில்லை.